ஊருக்குள் ஓடும் புறவழி

தீபாவளியோ பொங்கலோ நெருங்கினால் சென்னையில் தவறாமல் வரும் அறிவிப்பு ஒன்று உண்டு. சொந்த வாகனத்தில் தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வராதீர்கள்; ஓ.எம்.ஆரில் போய்க் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டைப் பிடியுங்கள். இல்லையென்றால் வெளிவட்டச் சாலையில் வண்டலூருக்கு வாருங்கள். அமைச்சர் சொல்கிறார், போலீஸ் சொல்கிறது, பத்திரிகைகள் படம் போட்டு விளக்குகின்றன. கைப்பேசி வரைபடம் பண்டிகைக்காகக் காத்திருப்பதுகூட இல்லை. தாம்பரம் வழியே தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை திரையில் சிவந்தால் போதும், எந்தச் சனிக்கிழமையானாலும் கார்களைக் கிராமத்துப் பக்கம் திருப்பிவிடுகிறது.

இதை ஒரு கொள்கை என்றே யாரும் நினைப்பதில்லை. ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் காலிச் சாலை. இங்கே வழிவதை அங்கே தள்ளினால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்கிறார்கள். நகரம் மூச்சு விடும், கிராமம் வளரும். கிராமத்துச் சாலையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, வேகத்தடைகளைப் பெயர்த்து எறிந்து, ஊர்க்காரர்களுக்குச் சாலை ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது. தொலைக்காட்சி விவாதத்திலும் ஒப்பந்தக்காரர் பேச்சிலும் மனை விற்கும் விளம்பரத்திலும் ஒரே சுருதியில் ஒலிக்கிற கருத்து இது. இதில் ஒரு வரியைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் சாலை காலியாக இருக்கிறது என்று முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள். எதை எண்ணினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் சாலைப் போக்குவரத்தை அளக்கப் ‘பயணியர் கார் அலகு’ என்று ஒன்று இருக்கிறது. கிராமப்புறச் சாலைகளின் கொள்ளளவைப் பற்றி இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி அல்ல, பொறியாளர்களின் அமைப்பு) 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதன் அட்டவணையைக் காணலாம். கார் என்றால் ஒன்று. மோட்டார் சைக்கிள் அரை. பஸ்ஸும் லாரியும் மூன்று மூன்று. டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை. மாட்டுவண்டிக்கு எட்டு! ஒரு மாட்டுவண்டி சாலையில் இறங்கினால் எட்டுக் கார்கள் அடைக்கிற இடத்தை அடைக்கிறது என்று பொருள். சைக்கிள்காரருக்குக்கூட அரை கொடுத்திருக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு எண் கிடையாது. நடப்பவர்களை எண்ணத் தனி முறைகள் உண்டுதான். ஆனால் இந்தச் சாலை இன்னும் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று தீர்மானிக்கிற கணக்கில் அவர் வரவே மாட்டார்.

ஆகவே பள்ளிக்கூடம் விட்டுச் சாலையைக் கடக்கிற பிள்ளைகள், பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியோடு போகிறவர், டவுன் பஸ்ஸுக்குப் புளியமரத்தடியில் நிற்கிற பெண்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு சாலையோரமாகவே நடக்கிற கிழவர் ஆகிய யாரும் கணக்கில் இல்லை. அவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் சாலை காலியாகத்தான் தெரியும். அறுவடை முடிந்த நாட்களில் அதே தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். பலருக்கும் அது அராஜகமாகப் படுகிறது. ஊருக்குப் போதுமான உலர்களம் இல்லாததால்தான் அங்கே காய்கிறது என்பதும், சூடேறிய தாரைவிட மலிவான உலர்த்தும் தளம் அந்த விவசாயிக்குக் கிடைக்கவில்லை என்பதும் கார்க் கண்ணாடி வழியே தெரியாது. சாமி ஊர்வலம், சாவு ஊர்வலம், கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து நிற்கிற கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் ஒரே சாலைதான். மாற்றுப் பாதை தேவைப்படுகிறவர்கள் யார் என்று கேட்டால், முதலில் அவர்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட சாலையில் வெளியூர் வண்டிகளைத் திருப்பிவிடும்போது என்ன நடக்கிறது? பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டியவருக்கு நேரம் போகும், பொறுமை போகும், டீசல் போகும். உயிர் போவது அபூர்வம். ஊர்கிற வண்டி யாரைக் கொல்லும்? அதே மனிதர் அங்கே இழந்த அரை மணி நேரத்தைத் திருப்போரூருக்கு அப்பால் மீட்கப் பார்க்கிறார். இருவழிச் சாலை, நடுவே தடுப்பு இல்லை, தெருவிளக்கு ஊர் முகப்போடு சரி, எதிரே வருகிற கண்கூசும் விளக்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நகரத்தின் தாமதத்தைக் கிராமத்தின் ஆபத்தாக மாற்றுவதற்குப் பெயர்தான் இங்கே போக்குவரத்து மேலாண்மை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாட்டின் சாலைச் சாவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறத்தில் நடந்திருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாநில நெடுஞ்சாலைகளில். செத்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். கார் அலகுக் கணக்கில் எண் பெறாத மனிதருக்குப் பிணக்கணக்கில் மட்டும் இடம் இருக்கிறது.

அதெல்லாம் சரி, நகரத்துக்காவது நன்மை உண்டா? என் எதிர்த்தரப்பின் பலமான வாதம் இதுதான். கிராமம் சற்றுக் கஷ்டப்பட்டாலும் ஒரு கோடி பேர் வாழும் மாநகரம் மூச்சு விடுகிறதே என்பார்கள். சென்னையை விட்டு நகராமலே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கிண்டி கத்திப்பாராவிலிருந்து வடபழநி, கோயம்பேடு வழியாக வடக்கே போகும் நூறடிச் சாலையை இன்று யாராவது புறவழி என்று சொன்னால் சிரிப்போம். அதன் ஆவணப் பெயர் உள்வட்டச் சாலை. ஊரின் கூட்டத்துக்குள் வராமல் ஓரமாகச் சுற்றிப் போகத்தான் அது திட்டமிடப்பட்டது. பாரிமுனை தாங்காது என்று வெளியூர் பஸ் நிலையத்தை 2002-இல் அதே சாலையோரம் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே 1996-இல் காய்கறிச் சந்தை அங்கே போயிருந்தது. சந்தையும் பஸ் நிலையமும் போன இடத்துக்கு விடுதி, மண்டபம், மருத்துவமனை, அடுக்ககம் எல்லாம் பின்னாலேயே போயின. கத்திப்பாராவில் மேம்பாலம், வடபழநியில் மேம்பாலம், கோயம்பேட்டில் மேம்பாலம். சென்னையின் முதல் மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று ஓடியபோது எந்தத் தடத்தில் ஓடியது? கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு, இதே நூறடிச் சாலையின் தலைக்கு மேல். நெரிசலைத் தவிர்க்கப் போட்ட சாலையின் நெரிசலைத் தீர்க்கத்தான் இந்த மாநகரம் தன் முதல் மெட்ரோவைச் செலவழித்தது. இதற்கு மேல் நான் என்ன சாட்சி கொண்டுவர வேண்டும்?

ஆனாலும் கதை தொடர்கிறது. உள்வட்டச் சாலை நகரத் தெருவானதும் பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை 32 கிலோமீட்டருக்குச் சென்னைப் புறவழிச் சாலை வந்தது. அதுவும் போதவில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டரில் வெளிவட்டச் சாலை. முதல் பகுதி 2014-இல் திறந்து, மீதி 2021-இல் முடிந்தது. கோயம்பேட்டின் தெற்குப் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்கு நகர்ந்தன. இப்போது நடப்பது அதற்கும் வெளியே எல்லைச் சாலை: எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர். இந்தச் சாலை முடியட்டும் என்று நகரம் காத்திருக்கவில்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டாயிற்று. வெளியே சுற்றிப்போகக் கட்டுகிற சாலை கட்டி முடியும் முன்பே காகிதத்தில் ஊருக்குள் வந்துவிட்டது.

இது சென்னையின் தலையெழுத்து மட்டும் என்று எண்ண வேண்டாம். லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டருக்கு எம்-25 என்ற வட்டச்சாலையை 1986-இல் முழுமையாகத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அகலப்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது. 1994-இல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே, புதுச் சாலை புதுப் போக்குவரத்தை உண்டாக்குகிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை அலசி 2011-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இன்னும் கறாரானது: நெடுஞ்சாலைத் தடம் எத்தனை சதவீதம் கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் தூரமும் ஏறக்குறைய அதே சதவீதம் கூடுகிறது. பயணம் எளிதானால் முன்பு போகாதவர்களும் போவார்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள் தள்ளிப்போய்க் குடியேறுவார்கள், ரயிலில் வந்தவர்கள் கார் வாங்குவார்கள். இதில் மர்மம் ஒன்றுமில்லை. தாம்பரத்துக்கு அப்பால் மனை போட்டு விற்பவர்கள் இதைப் பொருளியலாளர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். ‘வெளிவட்டச் சாலையிலிருந்து பத்தே நிமிடம்’ என்று அவர்கள் அச்சடிக்கும் நோட்டீஸ்தான் அந்தச் சாலையின் உண்மையான திட்ட அறிக்கை.

இன்னொரு விஷயத்தையும் வசதியாக மறந்துவிடுகிறோம். கனரக லாரிகளுக்குச் சென்னை நகருக்குள் பகல் நேரக் கட்டுப்பாடு நெடுநாளாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையிலும் வேளச்சேரியிலும் முட்டிக்கொண்டு நிற்பவை மதுரைக்குப் போகும் லாரிகள் அல்ல. ஊருக்குள்ளேயே கிளம்பி ஊருக்குள்ளேயே போய்ச் சேர வேண்டிய கார்களும் பைக்குகளும்தான். அவற்றை ஒரகடம் வழியாகத் திருப்பிவிட முடியுமா? நகரத்தின் நெரிசலில் பெரும்பகுதி நகரத்திலேயே பிறக்கிறது. அதற்குப் பஸ், ரயில், நடைபாதை, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று மருந்துகள் உண்டு. எல்லாமே வாக்காளர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். கிராமத்துச் சாலையை அகலப்படுத்துவது நகர வாக்காளர் யாருக்கும் கசக்காது; அதனால்தான் எல்லாக் கட்சிக்கும் அது பிடிக்கிறது.

வளர்ச்சிக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோவில்–ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் சாலையைக் காட்டித்தான் எல்லாரும் வாதாடுவார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். தெற்கிலிருந்து வருகிற லாரி சென்னையைத் தொடாமல் பெங்களூர் சாலைக்கு மாற அதுதான் வழி. அதற்கப்பால் திருவள்ளூர், செங்குன்றம் வரை அது நீள்கிறது. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே போன மாநில நெடுஞ்சாலை அது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலை திறந்தது. அப்பல்லோ டயர்ஸ், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து வந்தன. சாலை அகன்றது, ஒரகடம் சந்திப்பில் மேம்பாலம் எழுந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. அதை மறுப்பது பொய் சொல்வதாகும்.

ஆனால் அந்த வேலைகளைக் கொண்டுவந்தது எது? மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் கையகப்படுத்திக் கொடுத்த நிலம், அரசின் சலுகைகள், பக்கத்தில் துறைமுகம், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடிக்கொண்டிருந்த ஹுண்டாய் ஆலையைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழில். தெற்கிலிருந்து வந்து கடந்துபோகிற லாரி ஒரகடத்தைத் தாண்டிப்போனதால் ஒரு வேலையும் வரவில்லை. தொழிற்சாலைக்கான சாலை வேறு, கடந்துபோகிறவர்களுக்கான சாலை வேறு. இரண்டையும் ஒரே தாரில் ஓடவிட்டு, முதலாவதன் புண்ணியத்தை இரண்டாவதன் பேரில் எழுதிக்கொள்கிறார்கள். கடந்துபோகிறவர் அந்த ஊரில் என்ன செலவழிக்கிறார்? ஒரு டீ, ஒரு தண்ணீர் பாட்டில், பஞ்சர் ஆனால் ஒரு பஞ்சர். நாலு வழியாகி நடுவில் தடுப்புச் சுவர் எழும்பினால் எதிர்ச்சாரிக் கடைக்கு அதுவும் வராது. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து டீ குடிக்க யார் இருக்கிறார்கள்? அதே ஒரு கிலோமீட்டரை ஊர்க்காரர் தினமும் போய்த் திரும்பத்தான் வேண்டும். சைக்கிள்காரரும் மொபெட்காரரும் எதிர்த்திசையில் ஓரமாக வருவதைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அவர்களை அப்படி வரவைத்தது எந்த வரைபடம்?

இரவில் அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். ஆலை வாசல் திறக்கும் முறைக்காகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் விளக்கில்லாமல் சாலையோரத்தை அடைத்து நிற்கும். ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் படுக்கவும் குளிக்கவும் வண்டியை நிறுத்தவும் போதிய இடம் ஏற்படுத்தாமலேதான் சாலையை அகலப்படுத்தினோம். அகலமான அந்தக் கூடுதல் தடம் இரவில் லாரிகளின் வாகன நிறுத்தமாகிவிட, இரவுப் பணி முடித்து பைக்கில் திரும்பும் தொழிலாளி அதன் பின்பக்கத்தில் போய் மோதுகிறார்.

சாலைக்கே என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைத் தடம் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்ட விதி ஒன்றைச் சாலைப் பொறியாளர்கள் எல்லாரும் பாடமாகப் படிக்கிறார்கள். அச்சின் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். நான்காம் அடுக்கில் கூடுகிறது. நம் நாட்டில் 2018 ஜூலையில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சின் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கேட்க 1.3 டன்தான். அதே விதிப்படி கணக்குப் போட்டால் சேதம் அறுபது சதவீதம் கூடுகிறது. டவுன் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் போட்ட சாலையில் இந்த லாரிகள் இறங்கினால் ஒரு மழைக்காலம் தாண்டாது. குழிகளில் விழுவது யார், புழுதியை விழுங்குவது யார் என்று சொல்லத் தேவையில்லை. நகரத்தின் புறவழிக்குச் சுங்கச்சாவடி உண்டு. அந்தச் சுங்கத்தை மிச்சப்படுத்தவே பல லாரிகள் ஊர்ச்சாலையில் இறங்குகின்றன. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அந்தச் சுங்கத்தைக் கட்டுவது ஊர்தான்; ரசீது மட்டும் கிடைப்பதில்லை.

செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஏரி மாவட்டங்கள் என்பதையும் அகலப்படுத்துகிறவர்கள் மறக்கக் கூடாது. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி இங்கே ஒவ்வொரு சாலையையும் குறுக்கே வெட்டுகிறது. சாலையை உயர்த்தி, பழைய சிறுபாலத்தைக் குழாயாகச் சுருக்கினால் சாலையே கரையாகிவிடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அடையாற்றின் வெள்ளம் மட்டும் காரணமல்ல, உயர்த்திப் போட்ட சாலையும் ஒரு காரணம் என்று அங்கே குடியிருப்பவர்கள் சொல்லிவருகிறார்கள்.

இனி, அந்த ஒழுங்கில்லாத ஊர்க்காரர்கள். நெடுஞ்சாலையில் வேகத்தடையா என்று கொதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகுவலி, கார் அடிபடுதல், ஆம்புலன்ஸ் தாமதம் என்று பட்டியல் நீளும். அந்த வேகத்தடை எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. தமிழ்நாட்டு ஊர்ச்சாலைகளில் வேகத்தடை என்பது பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு போடப்படுவது. பிள்ளையை லாரி அடிக்கிறது, ஊர் சாலையில் உட்காருகிறது, தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வருகிறார்கள், இரண்டு நாளில் போட்டுத்தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பிணத்தை எடுக்கச் செய்கிறார்கள். மனு கொடுத்துக் கிடைக்காத ஒன்று மறியலில் கிடைக்கிறது. விதிப்படியான உயரமும் வெள்ளைக் கோடும் அதில் இருக்காது, ஏனென்றால் அவசரத்தில் கொட்டியது. இல்லாவிட்டால் நகைக்கடை விளம்பரம் எழுதிய இரும்புத் தடுப்புகளைப் போலீஸ் வளைத்து வளைத்து வைக்கும். இரவில் அந்தத் தடுப்பிலேயே வண்டி மோதும். திட்டமிட்டவர் மேசையில் செய்திருக்க வேண்டிய வேலையை ஊர் நடுரோட்டில் உட்கார்ந்து செய்கிறது. அதற்குப் பெயர் ஒழுங்கின்மை என்றால் அந்தப் பழி மேசைக்குத்தான் போக வேண்டும்.

நம் வீட்டு எச்சில் இலையைப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார் என்று புகார் சொல்வதைத்தான் நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் சாலையே வேண்டாமா, லாரி எல்லாம் பாரிமுனை வழியாகப் போக வேண்டுமா என்று கேட்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. கடந்துபோகிற போக்குவரத்துக்குத் தனிச் சாலை வேண்டும். இரு பக்கமும் வேலியோடு, நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாதபடி, ஊர்களை மேலோ கீழோ தாண்டிப்போகிற சாலை. எல்லைச் சாலையில் பெரும்பகுதி அப்படிப் புதிதாகத்தான் வருகிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவேயான பகுதி, ஏற்கெனவே இருக்கிற ஊர்ச்சாலையையே எல்லைச் சாலையாக்குகிறது. ஊரின் தெருவும் பன்னாட்டுத் துறைமுகத்துக்கான லாரித் தடமும் ஒன்றே என்று ஆகும் இடம் அது. அங்கே அணுகுசாலையும் நடைமேம்பாலமும் அல்ல, தரைமட்டத்தில் ஊர் இரு பக்கமும் சேர்ந்திருக்க மேலே தூக்கிய சாலை வேண்டும். நடைமேம்பாலத்தில் ஐம்பது படி ஏறி இறங்கித் தண்ணீர்க்குடம் தூக்கச் சொல்கிறவர் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

சுங்கக் கணக்கையும் தலைகீழாக்க வேண்டும். வெளிவட்டச் சாலையில் கட்டணம், ஊர்ச்சாலை இலவசம் என்றால் லாரி எங்கே போகும் என்பதற்கு ஆய்வு தேவையா? பண்டிகை நாட்களிலாவது புறவழியின் சுங்கத்தை நிறுத்திவைத்துவிட்டு அறிவிப்பு கொடுங்கள். சுற்றிப்போகும் கனரக வண்டிக்கு ஊர்ச்சாலையில் இரவுத் தடை போடுங்கள்; சென்னைக்குப் பகல் தடை போட முடிந்த அரசுக்கு இது முடியாதா?

தண்டவாளத்தைப் பற்றிப் பேசவே ஆளில்லை. சென்னையைத் தொடாமல் தெற்கையும் மேற்கையும் இணைக்கும் புறவழி ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது: செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்குப் போகும் ரயில் பாதை. ஒற்றைத் தடத்தில் பொறுமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாலாஜாபாத் நிலையத்தில் கார்களை ரயிலேற்றி அனுப்புவது நடைமுறையில் இருக்கிறது. முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதுப் பாதை என்ற திட்டமோ பத்தாண்டுகளுக்கு மேலாக ஏட்டில் உறங்குகிறது. எட்டு வழிக்கு நிலம் எடுக்கக் கிடைக்கும் வேகம் இரட்டைத் தண்டவாளத்துக்குக் கிடைப்பதில்லை.

இவையெல்லாம் நாளாகும். அதுவரை திருப்பிவிடத்தான் வேண்டும் என்றால், திருப்பிவிடுகிற உத்தரவிலேயே நிபந்தனைகள் இருக்கட்டும். எந்தெந்த ஊர் வழியாக வண்டிகள் போகும் என்று பெயர் சொல்லி, அந்தந்த ஊராட்சிக்கு ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்குள்ளும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் கேமராவில் சிக்கி அபராதம். பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எதிரே நடைமேடை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, அதன் மேல் விளக்கு. உலர்களம் கட்டும் வரை நெல் காயும் ஓரத்துக்குச் சிவப்புக் கொடி.

இதனால் பயணிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பதில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி. நாற்பதில் போனால் 90. வழியில் பத்து ஊர், ஊருக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏழரை நிமிடம். ஏழரை என்றதும் சனி பிடித்ததுபோல் பதற வேண்டாம். செங்கல்பட்டைத் தாண்டியதும் காப்பிக்கு நிறுத்துகிற நேரத்தைவிடக் குறைவு. அந்த ஏழரை நிமிடத்தைக்கூடத் தர முடியாதவருக்குப் பெருங்களத்தூர் வழி திறந்துதான் இருக்கிறது.